மதுரையில் வெளிநாட்டுச் சமுதாயக் கல்லூரி: நிலத்துக்கு முன்னால் கிரெடிட் அட்டவணை

வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றை மதுரைக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு உடனே நிலத்துக்குப் போய்விடும். வடபழஞ்சியா, கப்பலூரா, மேலூர் ரோடா? உண்மையில் நிலம் கடைசியாகப் பேச வேண்டிய சங்கதி. முதலில் முடிக்க வேண்டியது நான்கு பக்க அட்டவணை ஒன்று. இங்கே நடத்தும் எந்தப் பேப்பரை அங்கே எந்தப் பேப்பராக ஏற்பார்கள், எத்தனை கிரெடிட்டுக்கு (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) என்று சொல்லும் அட்டவணை அது. அது கையில் இல்லாமல் கட்டடம் எழுப்பினால் வாசலில் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட திட்டம் சிறியது. மதுரையில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்று, அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து ஏற்றுமதி வணிகமும் விளைபொருள் தரமும் சேர்ந்த இரண்டாண்டு டிப்ளமோவை நடத்துகிறது. காலையில் 40 பேர், மாலையில் 40 பேர். கீழே வரும் ரூபாய்க் கணக்கு திட்டமிடுவதற்காகப் போட்டுப்பார்த்தது. எந்த நிறுவனத்தின் வரவு செலவும் அல்ல.

சொல்லிலேயே ஒரு குழப்பம்

அமெரிக்காவில் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் நகரில் தொடங்கியது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவியது, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு. பள்ளி முடித்த யாரும் சேரலாம். இரண்டு ஆண்டு, 60 கிரெடிட், ‘அசோசியேட் டிகிரி’. அதோடு வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம்.

தமிழ்நாட்டில் இதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய இந்திய இயக்கம், படிப்பை விட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பதில் கவனம் வைத்தது. ஆகவே அலங்காநல்லூரில் ஒரு தகப்பனாரிடம் சமுதாயக் கல்லூரி என்று சொன்னால் அவர் மனதில் வருவது தையல் மிஷினும் டி.டி.பி. கோர்ஸும்தான். ‘அதுக்கா இவ்வளவு ஃபீஸ்?’ என்று கேட்பார். கேள்வி நியாயமானது. விளம்பரத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘ஏற்றுமதி வணிக டிப்ளமோ’ என்றே போடுவது நல்லது.

இன்னொரு வித்தியாசம் திட்டத்தின் பணத்தையே பாதிக்கும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பலவும் உள்ளூர்ச் சொத்து வரியையும் நம்பி நடப்பவை. பல இடங்களில் நிர்வாகக் குழுவையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘என் வீட்டு வரி மதுரையிலா செலவாகிறது?’ என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டாலே போதும், திட்டம் அங்கே படுத்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து முதலீடு வரும் என்று எழுதும் திட்ட அறிக்கையை நம்ப வேண்டாம். வேலைக்குக் கூலி வாங்கிக்கொள்வார்கள். பணம் போட மாட்டார்கள்.

சட்டத்தில் திறந்திருக்கும் வழி

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறை, வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் சொந்த வளாகம் திறக்க அனுமதிக்கிறது. ஆனால் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும், அல்லது ஒரு துறையில் தனிச் சிறப்பு இருப்பதாக யு.ஜி.சி. ஏற்க வேண்டும். தரவரிசைகளில் ஆராய்ச்சிக்குத்தான் எடை அதிகம். ஆராய்ச்சியே வேலையாக இல்லாத சமுதாயக் கல்லூரி அந்தப் பட்டியலில் எங்கும் வராது. 2022 ஒழுங்குமுறை, இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், ட்வின்னிங் (ஒரு பகுதியை இங்கேயும் மீதியை அங்கேயும் படிப்பது) ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. அதில் இந்தியக் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக் தரும் மதிப்பெண் 3.01 என்பது போன்ற தகுதி வேண்டும், வெளிநாட்டுக் கூட்டாளி முதல் 1000-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயரை வாங்கி இங்கே நடத்தும் ஃபிரான்சைஸ் முறையை இரண்டு ஒழுங்குமுறைகளும் தடுக்கின்றன.

மிஞ்சுவது ஒரே வழி. மதுரைக் கல்லூரி தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பாடத்திட்டத்தில் டிப்ளமோ கொடுக்கிறது. வெளிநாட்டுக் கல்லூரி, ‘இதை முடித்து எங்களிடம் வருபவருக்கு இத்தனை கிரெடிட் கழித்துக்கொள்வோம்’ என்று தன் பக்கத்தில் தனியாக ஒப்புக்கொள்கிறது. அங்குள்ளவர்கள் இதை ஆர்ட்டிகுலேஷன் ஒப்பந்தம் என்பார்கள். இங்கே எந்த வெளிநாட்டுச் சான்றிதழும் வழங்கப்படுவதில்லை. இந்த எல்லையைத் தாண்டி நோட்டீஸில் ‘அமெரிக்கப் பட்டம்’ என்று ஒரு வரி அடித்தாலும் சிக்கல்தான். அங்கீகாரமில்லாத வெளிநாட்டுக் கூட்டுப் படிப்புகளைப் பற்றி 2023 டிசம்பரில் யு.ஜி.சி. பொது எச்சரிக்கையே விட்டது.

தனி அறக்கட்டளை தொடங்கி வாசலில் ‘கல்லூரி’ என்று எழுதிவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. தனியார் கல்லூரி தொடங்க 1976 தமிழ்நாடு சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். அதோடு, சட்டம் அங்கீகரிக்காத சான்றிதழ்ப் படிப்பின் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 60,000 ரூபாய்க் கட்டணம் 70,800 ஆகிவிடும். ஏற்கெனவே இயங்கும் தன்னாட்சிக் கல்லூரியின் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோவாக நடத்தினால் மாணவருக்கு அந்த 10,800 மிச்சம்.

கணக்கு பிசகும் இடம்

பெரும்பாலான திட்டங்கள் ‘இங்கே 80 கிரெடிட், அங்கே 60, சரியாகப் போச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சரியாகப் போவதில்லை.

தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். வகுப்பு, செய்முறை, வீட்டுப் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுக்கு 40, இரண்டாண்டுக்கு 80, ஆக 2,400 மணி. அமெரிக்க செமஸ்டர் கிரெடிட் ஒன்றுக்கு 15 மணி வகுப்பு, அதற்கு இரண்டு மடங்கு வீட்டு வேலை, மொத்தம் 45 மணி. 60 கிரெடிட் என்றால் 2,700 மணி. 300 மணி நேரம் உதைக்கிறது.

பெரிய இழப்பு அதுவல்ல. பேப்பர் பேப்பராகப் பார்க்கும்போதுதான் அது தெரியும். இங்கே வழக்கமான பேப்பர் 4 கிரெடிட், 120 மணி. அதை 45-ஆல் வகுத்தால் 2.67. அங்கே வழக்கமான பேப்பர் 3 கிரெடிட். பதிவாளர் அலுவலகத்தில் 2.67-ஐ மூன்றாக ஏற்றிக் கொடுப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டாக இறக்கிவிட்டால் 20 பேப்பருக்கு 40 கிரெடிட்தான் கிடைக்கும். இரண்டாண்டு படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு இன்னும் 20 கிரெடிட், அதாவது ஓர் ஆண்டுப் படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அங்கே டாலரில் கட்டிப் படிக்க வேண்டியதாகிறது. ஆண்டுக்கு ஆண்டு என்று மொத்தமாக மதிப்பிடும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தின் துறை, குறிப்பிட்ட பேப்பர் முடித்தாயா என்று கேட்கும்போது அந்த மொத்த மதிப்பீடு கைகொடுப்பதில்லை.

தீர்வு பாடத்திட்டத்தை வரையும்போதே இருக்கிறது. 4 கிரெடிட் பேப்பர்களை விட்டுவிட்டு 5 கிரெடிட் பேப்பர்களாக, ஒவ்வொன்றும் 150 மணியாக அமைக்க வேண்டும். 135 மணிக்கு மேல் இருப்பதால் அங்கே 3 கிரெடிட்டுக்குத் தடையில்லை. அப்படி 15 பேப்பர் நடத்தினால் இங்கே 75, அங்கே 45. இங்கே மீதமுள்ள 5 கிரெடிட்டை, 150 மணி வேலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

60-க்கு 45 போதுமா? போதும். அதற்கு மேல் வாங்கினாலும் பெரும்பாலும் பயனில்லை. தன் பட்டத்தைக் கொடுக்கும் கல்லூரி, குறைந்தது கால் பங்கு கிரெடிட்டைத் தன்னிடமே படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது அங்கே வழக்கம். 60-ல் கால் பங்கு 15. முழு 60-ஐயும் மாற்றித் தருகிறோம் என்று ஒரு கூட்டாளி சொன்னால் அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த முள் மொழிப் பாடம். நம் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். தமிழை அவர்கள் அயல்மொழி அல்லது ஹியூமானிட்டீஸ் விருப்பப் பாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆங்கிலம்தான் மாட்டிக்கொள்ளும். உரைநடை, கவிதை, சிறுகதை, இலக்கணப் பயிற்சி என்று போகும் நம் பேப்பர், அவர்கள் கட்டாயமாக்கியிருக்கும் கட்டுரை எழுத்துப் பாடத்துக்கு ஈடாகாது. அங்கே வாரத்துக்கு வாரம் மாணவரே எழுத வேண்டும், ஆசிரியர் திருத்த வேண்டும், திரும்ப எழுத வேண்டும். 40 பேர் வகுப்பில் அப்படித் திருத்துவது ஓர் ஆசிரியருக்கு முழுநேர வேலை. எழுத்து வகுப்பை 20 பேர் கொண்ட இரண்டு பிரிவாகப் பிரிக்காவிட்டால் பேப்பர் தாளில் மட்டும் இருக்கும்.

ஆசிரியர் தகுதியையும் அவர்கள் பார்ப்பார்கள். அந்தத் துறையில் முதுகலை, அல்லது ஏதாவது முதுகலையோடு துறையில் 18 கிரெடிட் என்பது அங்குள்ள பரவலான அளவுகோல். இருபது வருடம் கஸ்டம்ஸ் வேலை பார்த்த ஏஜெண்டுக்கு எம்.காம் இருக்காது. அவரை விட்டால் பாடமும் இருக்காது. ஆகவே செய்முறை அவரிடம், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து தகுதியுள்ள ஆசிரியரிடம் என்று பிரிப்பதுதான் நடைமுறை.

அங்கிருந்து எதைக் கொண்டுவருவது

கணக்கியலும் மார்க்கெட்டிங்கும் சொல்லிக்கொடுக்க மதுரைக்கு வெளியிலிருந்து ஆள் தேவையில்லை. 1881-லிருந்து அமெரிக்கன் கல்லூரி இருக்கிற ஊர் இது. 1924-லிருந்து தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் இருக்கிறது. இங்கே இல்லாதது வாங்குபவர் பக்கத்து அறிவு. சரக்கு போய் இறங்கும் துறைமுகத்தில் யார், எதை, எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது நமக்குப் பெரும்பாலும் சரக்கு திரும்பிய பிறகே தெரியவருகிறது.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வத்தலுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சின் வரம்பு கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், மொத்தம் 10 மைக்ரோகிராம். வெறும் தரையில் காயப்போட்டு, இரவுப் பனியில் விட்டு, அரைகுறை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். இதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாதது சாம்பிள் எடுக்கும் முறை. இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையின் மூலையில் பத்துக் காயில் கொட்டிக் கிடக்கும், பக்கத்து மூட்டையில் இருக்கவே இருக்காது. மேல் மூட்டை நான்கில் கைப்பிடி அள்ளி லேபுக்கு அனுப்பினால் ரிப்போர்ட் சுத்தமாக வரும். அங்கே பெரிய லாட்டில் நூறு இடத்தில் எடுத்துக் கலந்து சோதிக்கும்போது மாட்டும். லேப் பொய் சொல்லவில்லை, நாம் கொடுத்த சாம்பிள்தான் பொய்.

இதற்கான செய்முறை வகுப்பு எளிது. 20 மூட்டை வத்தல், ஒரு குத்தூசி, தார்ப்பாய், ஈரமானி. ஒரு மூட்டையில் மட்டும் தெரியாமல் சாயம் பூசிய காய்களைக் கலந்து வைக்க வேண்டும். முதல் குழு தங்கள் வழக்கப்படி நான்கு மூட்டையில் எடுக்கட்டும். இரண்டாம் குழு எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று 60 இடத்தில் குத்தி எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைச் சேர்த்து, மறுபடி நாலாக்கிக் குறைத்து வரட்டும். எந்தக் குழுவின் கையில் சாயக் காய் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் மணிக்கணக்கான லெக்சர் மிச்சம். கூட்டாளிக் கல்லூரியின் ஆசிரியர் வர வேண்டியது இந்த மாதிரி மூன்று வாரத்துக்குத்தான்.

மல்லிகையில் கதை வேறு. 2013-ல் குறியீடு பெற்ற மதுரை மல்லி மொட்டாக மாட்டுத்தாவணிக்கு வருவது விடிகாலையில், விரிவது அன்று மாலை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டிய பிறகு ஓடுவது பூவின் கடிகாரம். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை, தாவரச் சுகாதாரச் சான்றில் மூன்றாவது எடை என்று இருந்தால் கஸ்டம்ஸின் ஏற்றுமதி உத்தரவு கிடைக்காமல் பெட்டி நிற்கும். திருத்தி முடிப்பதற்குள் பூ விரிந்துவிடும். அதனால் இந்தப் பேப்பரின் தேர்வே கடிகாரத்தோடு நடக்க வேண்டும்: ஒரு சரக்கின் ஐந்து ஆவணங்கள், அதில் ஒளித்த எட்டுப் பிழைகள், 40 நிமிடம்.

பாடநூல் இங்கே ஒரு தப்பும் செய்யும். எல்லா ஏற்றுமதிக்கும் எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) திறப்பதாகச் சொல்லிக்கொடுக்கும். பூ வியாபாரம் பெரும்பாலும் முன்பணத்திலும் நம்பிக்கையிலும் ஓடுவது. எல்.சி. பாடம் கிரானைட்டுக்கும் ரப்பர் பொருளுக்கும் பொருந்தும். சரக்கு ஏற்றி 21 நாளுக்குள் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும், வங்கி 5 வேலை நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதிகளை அந்தச் சரக்குகளை வைத்தே நடத்துவது நல்லது.

வரவும் செலவும்

முதல் ஆண்டுக் கணக்கு: மாதம் 45,000 வீதம் மூன்று ஆசிரியர், 35,000-க்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், சேர்த்து 20.4 லட்சம். தொழில் ஆட்கள் மணிக்கு 1,000 வீதம் 600 மணி, 6 லட்சம். பாடத்திட்டத்தை ஒப்பிட்டு ஆண்டுதோறும் விடைத்தாள் மாதிரியைச் சரிபார்க்கக் கூட்டாளிக்கு 6,000 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 5.4 லட்சம். அது சேவை இறக்குமதி, அதற்கு ரிவர்ஸ் சார்ஜில், அதாவது வாங்குபவரே கட்டும் முறையில், 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 1 லட்சம். இந்த ஒரு வரியைத்தான் பலரும் பட்ஜெட்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வெளிநாட்டு ஆசிரியர் மூன்று வாரம் வந்துபோக 5 லட்சம், லேப், மென்பொருள், மின்சாரம் 4 லட்சம். மொத்தம் 41.8 லட்சம்.

80 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 52,250. ஆனால் 80 பேரும் நிற்க மாட்டார்கள். மாலை பேட்சில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை ஷிஃப்ட் மாறினாலே ஆள் குறையும். ஐந்தில் ஒருவர் விலகுவதாக வைத்தால் 64 பேர், தலைக்கு 65,300. அதைக் கட்டணமாகப் போட்டால் சேர்க்கை நடக்காது. ஏற்றுமதி அலுவலகங்களின் ஊழியர்களுக்கு 20 பேர் வீதம் ஆறு குறுகிய மாலை வகுப்பு நடத்தி, ஆளுக்கு 5,000 வாங்கினால் 6 லட்சம் வரும். வரியும் செலவும் போகப் பாதி மிஞ்சினாலும் தலைக்கு 60,600-க்கு இறங்கும். அந்த வகுப்புக்கு இன்னொரு லாபம்: வேலை கொடுப்பவர் வளாகத்துக்குள் வந்துபோகிறார்.

கூட்டாளி சம்பந்தப்பட்ட செலவு மட்டும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். அதற்கு ஈடாகக் கிடைப்பது 45 கிரெடிட்டா, வெறும் லோகோவா என்பதை ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

போகிறவர்கள், வருகிறவர்கள்

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போவார்கள் என்று திட்டமிட்டால் ஒரு அறிவிப்பில் கவிழும். 2024 ஜனவரியில் கனடா புதிய படிப்பு அனுமதிகளை 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. அந்த மாணவர்களை நம்பியிருந்த அங்குள்ள கல்லூரிகள் பல ஆட்டம் கண்டன. இந்த டிப்ளமோ, ஒருவர்கூட விமானம் ஏறாவிட்டாலும் தூத்துக்குடியிலோ போடியிலோ வேலை வாங்கித் தருவதாக இருக்க வேண்டும்.

எதிர்த்திசையை யாரும் சரியாக யோசிப்பதில்லை. உலகின் பல நாடுகளிலிருந்து மதுரைக்குக் கற்றுக்கொள்ள ஆட்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனம் லைக்கோ 1992-லிருந்து பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு நிர்வாகம் கற்றுத்தருகிறது. அங்கேயே கிராமத்துப் பெண்களைப் பள்ளி முடித்ததும் எடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறார்கள். சமுதாயக் கல்லூரி என்று அமெரிக்கர் சொல்வதில் பாதிக்கு மேல் அண்ணா நகரில் வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. கூட்டாளியிடம் பேசப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சின் தோரணையே மாறும்.

அவர்களுடைய மாணவர்களில் பலர் வேலையும் குடும்பமும் உள்ளவர்கள். ஒரு செமஸ்டர் இங்கே தங்க மாட்டார்கள், மூன்று வாரம் வருவார்கள். 15 பேர் வந்தால், தங்க இடம் கொடுப்பவர் ஒவ்வொருவரைப் பற்றியும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் தகவல் பதிய வேண்டும். அவர்களுக்கு ஜனவரி வசதி, நமக்கும் வெயில் இல்லை. ஆனால் தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே ஜல்லிக்கட்டில் இருக்கும். கிடங்கும் அலுவலகமும் பூட்டியிருக்கும். தொழிற்சாலைப் பார்வையை முதல் பத்து நாளிலேயே முடித்துவிட்டுப் பொங்கலைப் பொங்கலாகவே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மூடும்போது

ஒப்பந்தத்தில் யாருக்கும் எழுதப் பிடிக்காத பக்கம் இது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. முதல் சேர்க்கையில் 300 பேரை எதிர்பார்த்தது, வந்தவர்கள் 148. ஜூனிலேயே மூடிவிட்டது. கனடாவின் அல்கான்குவின் கல்லூரி சவுதியின் ஜசானில் 2013-ல் தொடங்கி 2016-ல் வெளியேறியது. நிலைத்ததற்கும் உதாரணம் உண்டு: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கல்லூரி ஒன்று 2002-ல் கத்தாரில் தொடங்கிய கிளை, 2022-ல் அந்த நாட்டின் சொந்தப் பல்கலைக்கழகமாகவே மாறியது. ஆனால் அங்கே செலவைத் தாங்கியது கத்தார் அரசு. மதுரையில் அப்படித் தாங்க ஆளில்லை.

ஆகவே மூன்று வரிகள் கட்டாயம். ஒன்று, மாணவர் சேர்ந்த ஆண்டின் கிரெடிட் அட்டவணை அவர் முடிக்கும்வரை மாறாது. கூட்டாளி ஆண்டுதோறும் தன் பாடப்பட்டியலை மாற்றுவார், அது பழைய மாணவரைத் தொடக் கூடாது. இரண்டு, எந்தப் பக்கம் விலகினாலும் கடைசி பேட்ச் முடிந்து மூன்று ஆண்டுவரை கிரெடிட் செல்லும். மூன்று, கையெழுத்து பதிவாளருடையதாக இருக்க வேண்டும். சர்வதேசத் தொடர்பு அலுவலரின் கையெழுத்தில் வரும் புரிந்துணர்வுக் கடிதம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் பதிவாளர் மேசையில்தான்.

முதல் ஆறு மாதத்துக்கு இதுவே வேலை. 15 பேப்பருக்கும் வாரவாரியான பாடத்திட்டம், மாதிரி வினாத்தாள், திருத்திய மாதிரி விடைத்தாள் மூன்று, ஆசிரியரின் தகுதிச் சான்று ஆகியவற்றை ஒரே கட்டாக அனுப்பி, ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே அவர்களுடைய பாட எண்ணும் கிரெடிட்டும் எழுதி வாங்க வேண்டும். 15-ல் 12-க்காவது 3 என்று வராவிட்டால் சேர்க்கை விளம்பரத்தை அந்த ஆண்டு கொடுக்கக் கூடாது. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தில் வந்துவிடும். ஆவணக் கட்டு அதற்கு முந்தைய அக்டோபரிலேயே கிளம்பியிருந்தால்தான் பதில் அதற்குள் கைக்கு வரும்.